பதினேழாம் நிரல்

மாநகர சபையின் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை
சித்திரை முதலாம் திகதியிலிருந்து கொழும்புக் கம்பனிக்கு.
ஒப்பந்தம் அறுபத்துநாலு பக்கம்.
சோலைவரி, கடை வாடகை, சம்பளப் பட்டியல், மயானக் கட்டணம்
எல்லாம் ஒரே கையெழுத்தில்
பாலம் கடந்து போயின.

படிக்கட்டின் கீழிருந்த சேர்வரை
இரண்டு பொடியன்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள்.
ஒழுக்குக்கு அதன் மேல் போர்த்தியிருந்த துவாய் மட்டும்
இங்கே மிஞ்சியது.

ஜெகசோதியின் வேலை புதுப்பிக்கப்படவில்லை.
பதினான்கு வருசம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவன்
"மறுகா வாறன்" என்றுதான் சொல்லிப் போனான்.

புதியவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டாவது மணியிலேயே தொலைபேசியை எடுக்கிறார்கள்.
பற்றுச்சீட்டு பாதியில் நின்று
வரிசையில் நிற்பவர்கள் என்னை ஏசுவதில்லை.
மாத முடிவில்கூட ஆறு மணிக்கு நான் வீட்டில்.
இதையும் எழுதத்தான் வேணும்.

தரவுகளை மாற்றுமுன் ஒரு அட்டவணை அனுப்பினார்கள்,
எந்த நிரலுக்கு என்ன பொருள் என்று கேட்டு.
வெள்ளிக்கிழமை. நாலு மணி. பஸ் நாலரைக்கு.
பதினேழாம் நிரல் முழுக்க வெறுமை,
நாற்பத்தொரு வீட்டுக்கு மட்டும் ஒற்றை எழுத்து: கே.
இது தேவையா?
இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டவள்
நான்.

ஆனியில் சிவப்பு அறிவித்தல்கள்
தாமாக அச்சாகின. தபாலுக்கும் போயின.

பூபாலரெத்தினம் என்று ஒருவர் வந்தார்.
கடிதத்தைக் கண்ணாடியின் அடியால் தள்ளினார்.
நாவலடி, இலக்கம் முப்பத்தெட்டு.
அங்கே கதவில்லை என்று தெரிந்த தபால்காரர்
திராய்மடு வரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.
நிலுவை இருபது வருசம். தண்டம் வேறாக.
பதினான்கு நாளில் செலுத்தத் தவறின்
அசையும் ஆதனங்கள் கைப்பற்றப்படும்.

"அசையிறதெல்லாம் அண்டைக்கே அசைஞ்சு போயிற்றுது, தங்கச்சி"
என்றார். சத்தம் போடவில்லை.
"எடுக்க வாற ஆக்களோட நானும் வாறன்.
இடம் காட்ட ஒராள் வேணுமே."

கோட்டமுனையில் போன் திருத்துகிற கடையிலிருந்து
ஜெகசோதி பேசினான், வாயில் திருகாணியோடு:
"கே எண்டா கடல்.
அந்த எழுத்துக் கிடந்தா கடிதம் போகாது.
வேற என்னத்த எழுத? எங்கயும் குறிச்சு வைக்கல்ல.
எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு நினைச்சன்."

முறைப்பாடு இலக்கம் இரண்டாயிரத்து இருநூற்றேழு.
வகையைத் தெரிவு செய்யச் சொன்னது:
பழுது, தாமதம், கடவுச்சொல், வேறு.
வேறு என்று கொடுத்தேன்.

நாற்பது நிமிடத்தில் பதில், மிகுந்த மரியாதையோடு.
இது பழுதல்ல. மென்பொருள் பணித்தபடியே இயங்குகிறது.
நீங்கள் கேட்பது மாற்றம்: இணைப்பு நான்கு, பிரிவு ஏழு.
மதிப்பீடு மூன்று மனித நாள்.
சபையின் அங்கீகாரம் கிடைத்ததும் தொடங்குவோம்.
முறைப்பாடு மூடப்பட்டது.

மூன்று மனித நாள்.
ஒரு வீட்டுக்கு எத்தனை மனிதர், அவர்களுக்கு எத்தனை நாள் என்று
கல்குலேற்றரை எடுத்தவள்
திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த அமர்வு இருபத்தெட்டாம் திகதி.
கோரம் இல்லாவிட்டால் அடுத்த மாதம்.
அதுவரை ஒவ்வொரு இரவும் பன்னிரண்டுக்குத் தண்டம் ஏறும்,
ஒவ்வொரு திங்களும் எங்கள் அச்சுப்பொறி
எவரும் கேட்காமல் நாற்பத்தொரு தாள் துப்பும்.

தபால் பை வருமுன் அவற்றை எடுத்துவிடுகிறேன்.
பின்பக்கத்தில் நீலப் பேனையால் கே.
இலக்கம் முப்பத்தெட்டில் ஏனோ
முழுச் சொல்லையும் எழுதினேன்.
லாச்சி நிரம்பி, இப்போது படிக்கட்டின் கீழே
ஒரு பெட்டியில் அடுக்குகிறேன்.
மழை தொடங்கினால் அந்த இடம் ஒழுகும்.
துவாயைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன்.