குலுக்கக் கூடாது

சிலோயே தீவில் மழைநாள் என்று தனியாக ஒன்று கிடையாது.
கெம்சி படகுத்துறைப் பள்ளி, நான்காம் வகுப்பு, ஒன்பது பேர்.
விறகடுப்பைச் சுற்றி ஈரச் சாக்ஸ்கள்.
நேற்று பலகையில் எழுதினேன்:
எட்டும் நான்கும் சேர்ந்தால், சமம்,
ஒரு காலிக் கட்டமும் ஐந்தும்.

ஒன்பது கைகள் உயர்ந்தன.
ஒன்பது பேரும் கட்டத்துக்குள் வைத்தது பன்னிரண்டு.

சமக்குறி என்றால் அவர்களுக்கு
இதோ விடை வருகிறது, வாயைத் திற.
அப்படிப் பழக்கியது யார்?
மூன்று வருடமாக நான்தான்.

அதனால் இன்று
துணி மாட்டும் கம்பி ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு
இரு முனையிலும் தயிர் டப்பா கட்டினேன்.
இடப்பக்கம் மூடிய தீப்பெட்டி இரண்டு, வெளியே மொச்சை மூன்று.
வலப்பக்கம் மொச்சை பதினொன்று,
பெட்டியின் எடைக்கு ஈடாக வெறும் தீப்பெட்டி இரண்டு.

"அந்த வெறும் பெட்டி நிஜமாவே வெறும் பெட்டியா, அத்தை?"
யாஸ்னா.
அவள் அப்பா சால்மன் கூண்டுகளில் மீன் கணக்கு எழுதுகிறவர்.
திறந்து காட்டினேன்.

மூடிய பெட்டிக்குப் பெயர் எக்ஸ் என்றேன்.
"ஏன் எக்ஸ்?"
தெரியாது.
"போன வாரம் எக்ஸ் ஏழுன்னீங்க?"
அது போன வார எக்ஸ்.
"அப்போ மாறிக்கிட்டே இருக்குமா?"
ஒரு கணக்கு முடியும்வரை மாறாது,
என்ன ஆனாலும் மாறாது என்றேன்.
அப்போது என் குரலில் இருந்த உறுதியை
இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எலிசேயோ ஒரு பெட்டியைக் காதருகே கொண்டுபோனான்.
குலுக்கக் கூடாது!
"கேக்குதே?"
காதால் விடை எடுப்பவனுக்கு
எத்தனை மதிப்பெண் என்று
பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது.

இரு பக்கமும் மூன்றை எடுத்தோம்.
மிஞ்சிய எட்டைப் பாதியாக்கினோம்.
ஒன்பது நோட்டிலும் எக்ஸ் நான்கு.
கம்பி மட்டும் இடப்பக்கம்
கொஞ்சம் சாய்ந்தே நின்றது.
தரை கோணல் என்றேன்.
"கம்பி ஆணியில தொங்குது, தரை என்ன பண்ணும்?"
ரெமோல்காய்.
காற்று என்றேன்.
ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

திறந்தோம்.

ஒன்றில் நான்கு.
மற்றதில் ஐந்து.

ராத்திரி மின்சாரம் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில், அரைத் தூக்கத்தில் எண்ணியது.
யாரும் தப்பு என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டு
ஒரு மொச்சையை எடுத்துவிட்டு
மணி அடிக்குமுன் பாடத்தை முடித்திருப்பேன்.

மார்ச்சிலிருந்து பலகைப் பக்கமே வராத ரெமோல்காய்
வெறுங்காலோடு எழுந்து வந்தான்.
"ரெண்டும் வேற வேற.
ஒரே பேர் வச்சது அநியாயம்."
ஓர் எக்ஸை உள்ளங்கையால் அழித்தான்.
அந்த இடத்தில்
தலைக்குமேல் சின்ன அலை மிதக்கும் எங்கள் எழுத்தை,
என்யேயை, எழுதினான்.
எக்ஸும் என்யேயும் மூன்றும்.
சமக்குறிக்கு அப்பால் பதினொன்றைப் பன்னிரண்டாக்கி
எடுத்த மொச்சைகளை எல்லாம் திரும்பப் போட்டு
வலப்பக்கம் ஒன்று கூட வைத்தான்.
கம்பி நேரானது.
"காத்து நின்னுடுச்சு, அத்தை" என்றான், சிரிக்காமல்.

அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை.
"நாலும் அஞ்சுமாத்தான் இருக்கணுமா?"
மூன்றும் ஆறும் வைத்தார்கள். நேர்.
ஏழும் இரண்டும். நேர்.
ஒன்றுமே இல்லாத எக்ஸும் ஒன்பது மொச்சை என்யேயும்,
மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஆனாலும் நேர்.
மாறாது என்று நான் சத்தியம் செய்த எக்ஸ்
பெட்டிக்குப் பெட்டி குடிமாறிக்கொண்டிருக்க
எலிசேயோ சுவரில் சாக்பீஸால் ஜோடிகளை எழுதினான்.
பத்து.
இன்னும் இருக்கா என்று தேடினார்கள்.

படகு ஊதியது. தீவுப் பிள்ளைகள் ஐந்து பேர் போக வேண்டும்.
சாக்ஸ் யாருடையது எது என்று அடுப்படியில் அடிதடி.
யாஸ்னா மட்டும் கம்பியடியில் நின்றாள்,
ஒரு மொச்சையைக் கடைவாயில் வைத்துக்
கடித்துக்கொண்டே.

"அத்தை, அரை மொச்சை வைக்கலாமா?"