ஆஃப்செட் நாற்பத்தைந்து

மார்ச் மாதம். கெமி ஆற்றின் மேல்
இன்னும் ஆட்கள் நடந்து போகிறார்கள்.
கராஜில் நான்கு தாங்கிகளின் மேல்
காலில்லாமல் நிற்கிறது என் கார்.
இரண்டே இருக்கை, மடங்கும் கூரை, பதினெட்டு வயது.
பச்சை நிறம் என்கிறது பதிவுச் சீட்டு.
நம்புகிறேன்.

பத்தொன்பது அங்குலம் போடு, என்றான்
டயர் கடை யார்மோ.
பத்தொன்பதில் டயர் வெறும் வளையல்.
மே மாதம் உறைபனி இளகி
எங்கள் சாலை வாயைப் பிளக்கும்போது
முதல் பள்ளத்திலேயே ரிம் நெளியும்.
நெளிந்ததை நிமிர்த்தக் காசு வாங்குபவனும் அவன்தான்.
பதினேழு, என்றேன்.
கிழவன் அளவு, என்றான்,
எழுதிக்கொண்டே.

அகலம் எட்டு. ஆஃப்செட் நாற்பத்தைந்து.
பழைய சக்கரத்தைவிட
வெளியே இருபத்து மூன்று மில்லிமீட்டர்,
உள்ளே மூன்று.
அந்த மூன்றுக்காக இரண்டு இரவு தூங்கவில்லை.
ஆலையில் அட்டைச் சுருளின் தடிமனை அளப்பது என் வேலை;
மயிரிழை தப்பினால் டன் கணக்கில் குப்பை.
அளவில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.
ஏமாறும் இடம் வேறு.

ஒற்றை ரிம்மை இரவல் வாங்கி மாட்டி
காரைத் தரைக்கு இறக்கினேன்.
பக்கத்து வீட்டு சிர்க்கு
மகளின் களிமண்ணைக் கொண்டுவந்தாள்.
உருட்டி, மட்கார்டின் உள்விளிம்பில் ஒட்டினோம்.
பிறகு டிக்கியில் அவளும், அவள் தம்பி ஒலாவியும்,
ஒலாவியின் நண்பன் ஒருவனும்
(நூற்றுப்பத்து கிலோ; பெயர் கேட்கவில்லை)
ஏறி உட்கார்ந்து குலுங்கினார்கள்.
கார் முனகியது.
களிமண்ணைப் பிய்த்து அளந்தேன்:
நசுங்கி மிஞ்சியது நான்கு மில்லிமீட்டர்.
உரசாமலிருக்க நான்கு போதும்.
இதை என் கல்யாணத்தின்போது
யாராவது சொல்லியிருக்கலாம்.

மிச்சம் நிறம்.
பச்சைக்கு வெண்கலம்தான்,
கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, என்றான் யார்மோ.
ஆலைக்காரர்களும் அதையே சொன்னார்கள்.
ஒரு நிறத்தை எல்லோரும் ஒரே குரலில் சொன்னால்
எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

சிர்க்கு ஆலைக் கழிவு அட்டையில்
நான்கு வட்டம் வெட்டிப் பெயின்ட் அடித்தாள்.
பனியில் காரை நிறுத்தி
ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் பொருத்தினாள்.
வெள்ளை, பூனைக்குப் பால் வைத்த தட்டு.
கறுப்பு, யாரோ தோண்டிவிட்டு மூடாத குழி.
சாம்பல் வேண்டாம்;
ஆறு மாதம் இந்த ஊரே சாம்பல்.
நான்காவதை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்:
"எப்படி எடுத்துக் காட்டுகிறது, பார்!"

பார்த்தேன்.
சக்கரத்தைக் காணோம்.
கார் எங்கே முடிகிறது, எங்கே சுழலத் தொடங்குகிறது,
தையல் தெரியவில்லை.
ஒரே வார்ப்பில் ஊற்றிய மிருகம்
குளம்பும் தோலும் ஒன்றாய்
பனியில் நின்றது.

சொன்னேன் அவளிடம்,
ஆலையில் முப்பது வருடம் சொல்லாததை:
எனக்குப் பச்சையும் வெண்கலமும் ஒரே நிறம்.
பள்ளியில் நான் வரைந்த மரத்துக்கு
இலையெல்லாம் பட்டையின் நிறம்;
இலையுதிர்காலமா என்று கேட்டார் டீச்சர்,
ஆமாம் என்று தப்பித்தேன்.
அன்றிலிருந்து அந்த ஒரு பதில்தான்.

அவள் அட்டையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.
ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.
குல்லாயைக் கழற்றி,
ஊரே சிவப்பு என்று சொல்லும் தலைமுடியை உதறி,
"அப்போ இது?" என்றாள்.

காரின் நிறம், என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில்
கூரையிலிருந்து பனி சரிந்ததாகச் சொன்னால்
அது பச்சைப் பொய்.
அந்தப் பச்சை மட்டும் எனக்குத் தெரியும்.
யார்மோவுக்குப் போன் போட்டேன்:
வெண்கலம். நான்கு.
கண்ணைத் திறந்துகொண்டு.

இப்போது ஜூன். இரவு பதினொன்றுக்கும் வெயில்.
எதுவும் எதையும் உரசவில்லை.
பெரிய பள்ளங்களில் மட்டும்,
பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கும் நாட்களில்,
வலது பின்சக்கரம்
ஒரே ஒரு முறை,
மெதுவாக.