தண்ணீர்விட்டான்

நாற்பத்தோரு வருஷம் சரக்குப் படகில் குடித்தனம்.
ரோட்டர்டாமில் ஏற்றிய கோதுமை
பாசலில் இறங்கும்வரை
சமையலறை ஜன்னலில் ஊர்கள் நகரும்.
ஃபீனுக்கு மண் என்று இருந்தது
சுக்கான் அறை வாசலில் ஒரு தொட்டி வெங்காயத்தாள்.
அதுவும் மூன்று நாட்டு மழையில் நனைந்தது.

படகை விற்ற பணத்தில்
மாஸ் ஆற்றங்கரையில் செங்கல் வீடு,
பின்னால் பதினோரு மீட்டர் மணல்.
“ரெண்டு வருஷம் பார்ப்போம்” என்றான் ஷெங்.
“ஒட்டவில்லையென்றால் சின்னதாய் ஒரு படகு.”
சரி என்றாள்.
ஏப்ரலில் சைக்கிள் மிதித்துப் போய்
மூன்று வருஷப் பயிருக்கு விதை வாங்கிவந்தாள்.

அஸ்பாரகஸ்.
மிளகைவிடச் சிறிது, கருப்பு, ஒரு பக்கம் சப்பை.
நாற்பது எண்ணிக் காபிக் கோப்பையில் ஊறப்போட்டாள்.
பக்கத்து வீட்டு ஹூப் வேலிக்கு மேலே சிரித்தான்:
“இந்த ஊரில் யாரும் விதை போடுவதில்லை.
ஒரு வயசு வேர் வாங்கி நடு,
வருஷம் மிச்சமாகும்.”
மிச்சம் பிடிக்கவா அவள் போட்டாள்?

பத்தாம் நாள் ஒன்றுமில்லை.
இருபதாம் நாளும்.
இருபத்திமூன்றாம் நாள்
தைத்து முடித்து நறுக்க மறந்த நூல்போல
ஒரு பச்சை.
அந்த வாரத்துக்குள் முப்பத்தொன்று.

ஜூனில் ஷெங் புல் வெட்டினான்.
தளம் கழுவிப் பழகிய கை:
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
ஒரு விரல் இடம் விடாமல்.
இருபத்திநான்கு போயின.

அவள் கத்தவில்லை.
ரொட்டி அறுத்தாள், வெண்ணெய் தடவினாள்,
மேஜையில் ஒரு தட்டுதான் வைத்தாள்.

இருட்டுகிற நேரம்
பெட்டியிலிருந்து படகுக் கயிற்றை எடுத்துவந்தான்
(அதை ஏன் விற்காமல் வைத்திருந்தான்?)
மிஞ்சிய ஏழையும் சுற்றி
நான்கு குச்சிகளில் கட்டினான்,
துறையில் படகைக் கட்டுகிற அதே முடிச்சு.

என் மொழியில் இந்தச் செடியின் பங்காளிக்குத்
தண்ணீர்விட்டான் என்று பெயர்.
நீர் வார்த்தவன் என்று கொள்ளலாம்.
நீரைக் கைவிட்டவன் என்றும்.
ஷெங்கிடம் சொன்னால்
இரண்டாவதுதான் அவன் காதில் விழும்.
ஆற்றில் ஹாரன் கேட்டால் முள்கரண்டியைக் கீழே வைப்பான்,
“அறுநூறு டன், காலி” என்பான், யாரிடமுமல்ல.
ஆனாலும் ஆகஸ்ட் வறட்சியில்
வாளி தூக்கியது அவன்தான்.

அடுத்த கோடையில் இடுப்பளவு,
பச்சைப் புகை மாதிரி, காற்றில்லாமலே ஆடும்.
அக்டோபரில் மஞ்சள்.
மூன்றில் மட்டும் சிவப்பு மணிகள்.

“அவை பெண்” என்றான் ஹூப்.
“பிடுங்கிப் போடு.
காய்க்கிற செலவு, தண்டு குறையும்.”

பெற்ற மூன்றையும்
படகோட்டிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விட்டு
ஞாயிறு மாலைகளில் கையசைத்துத் திரும்பியவள்
மணிகளை ஒன்றொன்றாய்க் கிள்ளி
ஏப்ரனில் சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள்.
பிடுங்கவில்லை.

பிப்ரவரியோடு ரெண்டு வருஷம் முடிந்தது.
யாரும் பேச்செடுக்கவில்லை.
பத்திரிகையில் வட்டமிட்டு வைத்த படகு விளம்பரத்தில்
கத்தரிக்கோலின் எண்ணெயைத் துடைத்தான்.

ஏப்ரல். மணல் வெடித்திருந்தது, தலைமுடி அகலத்துக்கு.
காலை ஆறு மணி, பைஜாமாவில் மண்டியிட்டு,
ரொட்டிக் கத்தியோடு அவன்.

“எத்தனை?”

“மூணு. மீதியை விட்டுடு.
இன்னும் சின்னதுகள்.”

வேகவைத்த முட்டை, உருக்கிய வெண்ணெய்,
மெலிசாய் ஒரு துண்டு ஹாம்.
ஆளுக்கொரு தண்டு போக
நடுத்தட்டில் மூன்றாவது
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆறிப்போனது.
ஹாரன் கேட்டது.
வாய் நிறைய வைத்துக்கொண்டு ஏதோ டன் சொன்னான்,
அவளுக்குப் புரியவில்லை.
சமையலறை ஜன்னலில்
கயிறும் ஏழு வேரின் மேடும்
இருந்த இடத்திலேயே இருந்தன.

ராத்திரி கழிவறையிலிருந்து கூவினான்:
“ஃபீன்! வாசனை வருது!”