கண்மட்டம்

நகரசபை மாடிப்படியில் மாட்டப்போகிறார்கள்.
படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டுமாம்.
கரித்துண்டால் வரைந்தது, கையெழுத்தில்லை:
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் இரண்டு சவுக்கு,
நடுவில்
தாள் போதாமல் வளர்ந்து நிற்கும் கோபுரம்.

கலங்கரை விளக்கம் என்றார் துறைமுக எழுத்தர்.
விளக்கு எங்கே என்றதற்கு
பகல்தானே என்றார்.
ஆலைப் புகைபோக்கி என்றாள் ழொஸ்லின்;
கரும்பு இல்லாமல் அவளுக்கு ஒரு வரலாறும் இல்லை.
கோயில் கமிட்டி காணாபதி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
"நம்முடையதுதான்" என்றார்.
கலசம் என்று அவர் விரல் வைத்த இடத்தில்
காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தது.

நான் நில அளவைக்காரன்.
கோபுரத்தை விட்டுவிட்டுக்
கடல்கோட்டைத்தான் பார்த்தேன்.
அடிவானம் என்பது பார்ப்பவன் கண்மட்டம்.
எழுந்தால் கூட எழும்,
உட்கார்ந்தால் உட்காரும்.
இதில் அது படுத்துக் கிடந்தது,
கோபுரத்தின் முதல் கல்வரிசையை உரசிக்கொண்டு.

சனிக்கிழமை சான்-லூவுக்குத் தெற்கே போனேன்.
பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காளவாய்
குட்டையாக, தொப்பையோடு,
வாய்க்குள் பியர் பாட்டில்களோடு இருந்தது.
சுற்றி வந்தேன். சவுக்கில் ஒன்று இல்லை,
அதன் அடிக்கட்டை இருந்தது.
குப்புறப் படுத்தேன்.
தாடையில் மணல் ஒட்டியதும்
காளவாய் எழுந்தது,
மேகம்வரை, தாள் போதாமல்.

கணவாய் அலசிக்கொண்டிருந்தவள்
உடம்புக்கு என்ன என்று கிரியோலில் கேட்டாள்.
அளக்கிறேன் என்றேன்.
வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

படத்தின் கீழ்மூலையில் ஒரு மங்கல்,
நுரை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.
முழங்கை அகலம். அழுத்தித் தேய்த்திருக்கிறது.
நிழலோ மரத்தடியிலேயே சுருண்டிருக்கிறது, உச்சிவேளை.
அந்த நேரத்தில், சூளை எரியும் நாளில்,
கையில் கரியோடு
மணலில் குப்புறக் கிடக்க
யாரை விட்டிருப்பார்கள்?
ஓய்வா, காய்ச்சலா,
அடித்துத் தள்ளிய பிறகா?
அளவுகோலில் அதற்குக் கோடு இல்லை.

"சுண்ணாம்புக் காளவாய். படுத்தபடி பார்த்தது"
என்று எழுதிக் கொடுத்தேன்.
இரண்டாவது வாக்கியம் நீளம் என்று
ழொஸ்லின் அடித்துவிட்டாள்.

ஆணியையும் உயரத்தில் அடித்துவிட்டார்கள்.
வரி கட்ட வருகிறவர்கள்
படியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.
காளவாயா, இவ்வளவு பெரிதா
என்கிறார்கள்.