நாற்பத்தேழாம் எண் கட்டு

பால்டாசவுண்ட் மண்டபத்தில் சனிக்கிழமை ஏலம்.
வெளியே காற்று கார்க் கதவுகளைப் பிடுங்கப் பார்த்தது;
உள்ளே தேநீர், ஈரக் கம்பளி வாடை, ஒரு நாய்.
கிப்பி ப்ரீஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு
கடுகு டப்பா ஒன்றை மேசைமேல் கவிழ்த்தான்.

எலும்புக் குரோஷா ஊசிகள் ஐந்து,
அதில் ஒன்றுக்கு மூக்கில்லை.
மணி வடிவில் ஒரு பித்தளைத் தகடு,
ஓரமெல்லாம் துளை:
எந்த ஊசி என்ன பருமன் என்று
நுழைத்துப் பார்த்துச் சொல்ல.
இருமுனையும் கூரான எஃகு ஊசிகள் மூன்று.
நான்காவது, குடைக்கம்பியை அரத்தில் தேய்த்துச் செய்தது.
அது தகட்டின் எந்தத் துளையிலும் சரியாக நிற்கவில்லை;
ஒன்றில் ஆடியது, அடுத்ததில் புகவே மறுத்தது.
கடைசியாக அந்த வார்.

இடுப்பில் கட்டும் தோல் வார்.
வலப்பக்கம் வந்து உட்காரும்படி ஒரு திண்டு,
குதிரைமயிர் அடைத்தது,
முகமெல்லாம் அம்மைத் தழும்பாய்ப் பொத்தல்.
"துப்பாக்கி ரவையா?" என்றார்
அபர்டீனிலிருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி.
யாரும் சிரிக்கவில்லை. நாய் தும்மியது.
மதுக்கடைச் சுவருக்கு எடுப்பாக இருக்குமாம்,
குதிரை லாடத்துக்குப் பக்கத்தில்.

எனக்குச் சுவர் வேண்டாம்.
ஒன்பது வருடம் சால்மன் ஆலையில்
முள் உருவி முள் உருவி
என் வலது மணிக்கட்டு
இரவில் எனக்கு முன்னால் விழித்துக்கொள்கிறது.
பின்னுவதை விட்டுவிடு என்றார் மருத்துவர்.
மீனை விடச் சொல்லவில்லை.

திண்டின் பொத்தலில் ஊசியின் பின்முனையைச் செருகினால்
பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும்,
விரல் நூலை எறிந்தால் போதும்.
சூட்சுமம் இவ்வளவுதான்.

இருபது பவுண்ட். இருபத்திரண்டு.
வியாபாரி கண்ணாடியைத் துடைத்தார். இருபத்தெட்டு.
முப்பத்தொன்று என்றேன்,
ஒழுகும் குளியலறைக் குழாய்க்கென்று வைத்திருந்த பணம்.
"ஆஸ்லாவுக்கு!" சுத்தியல் விழுந்தது.
யாருடையது என்று கேட்டேன்.
உயேசவுண்டில் காலிசெய்த வீடு, பெயர் தெரியாது என்றான் கிப்பி,
அதற்குள் நாற்பத்தெட்டாம் எண்ணைத் தூக்கியபடி.

வீட்டில் விளக்கடியில் வைத்து
வாரின் நுனிப் பக்கத்தைத் திருப்பினேன்.
தோல்காரர் போட்ட ஓட்டைகள் ஐந்து, ஒரே நேர்கோட்டில்.
இரண்டாவதில் நெடுநாள் இருந்திருக்கிறாள்;
அங்கே தோல் வாய்போல் இழுபட்டிருக்கிறது.
அங்கிருந்து ஐந்து வரை போயிருக்கிறாள்,
திரும்பியிருக்கிறாள்,
மறுபடி போயிருக்கிறாள்.
எத்தனை தடவை என்று தோல் சொல்லாது.
ஐந்துக்கும் அப்பால் ஆணியால் குத்திய ஒன்று,
கோணலாக, அவசரமாக.
இரட்டைப் பிள்ளையாக இருக்கலாம்.
மீன் நன்றாகப் பட்ட வருடமாகவும் இருக்கலாம்.
குளிருக்கு இரண்டு சட்டை போட்டிருந்திருக்கலாம்.

மறுபக்கம், ஒன்றாவதுக்கும் உள்ளே,
இன்னும் மூன்று.
அதே ஆணி. ஆனால் அவசரமில்லை,
விரலகலம் விட்டு, விரலகலம் விட்டு.
கடைசி ஓட்டையின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது,
தேய்வதற்கு நாள் கிடைக்கவில்லை.
நாடாவை வைத்து அளந்தேன்: இருபத்தோரு அங்குலம்.
என் தொடை.
அந்த அளவிலும் வாரைக் கட்டினாள் என்றால்
அந்த நாளிலும் யாருக்கோ ஒரு காலுறை
குதிகால் வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

என் இடுப்பு நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்.
பிள்ளை இல்லை, உருளைக்கிழங்குதான்.
நான்கில் மூச்சு முட்டியது, ஐந்தில் திண்டு சரிந்தது.
கொட்டகையிலிருந்து ஆணி எடுத்து வந்தேன்.
பலகைமேல் வாரைப் போட்டு
சுத்தியலை ஓங்கியபிறகு கொஞ்சம் நின்றேன்.
பிறகு அடித்தேன்.
எனக்கும் கோணலாகத்தான் விழுந்தது.

மூன்று ஊசியில் கண்ணேற்றிவிட்டு
குடைக்கம்பியைத் திண்டில் செருகினேன்.
தகட்டில் நிற்காதது
இங்கே சட்டென்று பிடித்துக்கொண்டது.

பதினொரு சுற்று.
மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட்.