செக்குபந்தி

பத்திர ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது.
மூணு மணிக்கு மேல பாப்போம் பாய் என்று
முத்திரைத்தாள் வெள்ளத்துரை
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
பங்குனி வெயில் என்னைத் துரத்திக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில்
ஒரு நிழல் கிடந்தது.
அண்ணாந்த பிறகுதான்
நிழலுக்கு மேலே கோட்டை வாசல்.

மேலப்பாளையத்துக்காரன் நான்.
பன்னிரண்டு வருஷம் இந்த வழியாகத்தான்
பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.
இந்தச் சுவரில் எந்தப் பட போஸ்டர் ஒட்டியிருந்தது என்று கேளுங்கள்,
வருஷம் தப்பாமல் சொல்வேன்.

இப்போது சியாங் மாயில் கல் வியாபாரம்.
கெம்பும் நீலமும்.
தீயில் காட்டிய கல்லா, மண்ணில் எடுத்தபடியே உள்ள கல்லா,
லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை.
அங்கே தா பே வாசலுக்கு ஒருநாள் போனேன்.
செங்கல். புறாக்கள். சோளப் பொட்டலம் விற்கும் பெண்.
காலி பாட்டிலைத் தட்டிப் புறாக்களைக் கிளப்பிவிட ஒரு பையன்,
அவை எழும்பும் நொடிக்காகக் கேமராவோடு
குந்தியிருக்கும் கூட்டம்.
கடை முதலாளியம்மா நொய் சொன்னாள்:
இது பழசு இல்லை.
நான் பள்ளிக்கூடம் போகையில் கட்டினார்கள்,
பழசு மாதிரி.
உங்கள் ஊரில் வாசல் உண்டா?

இல்லை என்றேன்.
யோசித்துத்தான் சொன்னேன்.

படம் எடுத்து அனுப்பினேன்.
கருங்கல், காரை, ஏழு பைக்குகள்,
தர்ப்பூசணித் தள்ளுவண்டி,
சிறுநீர் கழிக்காதீர் என்ற எழுத்துக்குக் கீழே ஈரம்.
இருந்திருக்கிறது என்று எழுதினேன், மன்னிக்கவும்.

பதில் உடனே வந்தது:
எது உள்பக்கம்?

பார்த்தேன்.
மதில் இல்லை.
வரிசை கலைந்த பிறகும்
ரேஷன் கார்டோடு நிற்கிற ஆள் மாதிரி
வாசல் மட்டும் நிற்கிறது.

தர்ப்பூசணி விற்கும் சொர்ணத்தாயிடம் கேட்டேன்.
"உள்ளயா? நெழலு எந்தப் பக்கமோ அதான் உள்ள.
காலைல அங்கிட்டு, சாயங்காலம் இங்கிட்டு.
நான் வண்டியத் தள்ளிட்டே கெடக்கேன்."
டிராபிக் போலீஸ்காரரிடம் கேட்டேன்.
"உங்க பைக்கா? எந்தப் பக்கம் போட்டாலும் பைன்தான்."

தாழ் எந்தப் பக்கமோ அது உள்ளே.
இது தோன்ற இவ்வளவு நேரம்.
லென்ஸை எடுத்தேன்; சொர்ணத்தாய் சிரித்தாள்.
நிலைக்கல்லில் முழங்கை உயரத்தில் ஒரு குழி,
கணையமரம் செருகிய சதுரம்,
விளிம்பு தேய்ந்து வழவழவென்று.
மண்ணில் எடுத்தபடியே உள்ள கல்.
விரலை விட்டேன்.
ஒரு மிட்டாய்த் தாள், பீடித்துண்டு, எறும்புகள்.

என் பஸ் வரும் பக்கம் வெளியே.
பன்னிரண்டு வருஷமும் நான்
வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறேன்,
யாரும் நிறுத்தவில்லை,
யாரும் வா என்று சொல்லவும் இல்லை.

கையிலிருந்த வாப்பாவின் பத்திரத்தைப் பிரித்தேன்.
கிழக்கே பிச்சைக்கண்ணு ராவுத்தர் மனைக்கும்
தெற்கே நடைபாதைக்கும்
மேற்கே மேற்படியார் மாட்டுக்கொட்டிலுக்கும்
வடக்கே அசன்பீவி சுவருக்கும்
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட…
ராவுத்தர் இல்லை, மாடு இல்லை,
அசன்பீவியின் சுவரை இடித்து நகைக்கடன் கடை.
உட்பட்டது மட்டும் இருக்கிறது, மூன்றே கால் சென்ட்.
அதற்குத்தான் சர்வர் எழும்பவேண்டும்.

நொய் மறுபடி கேட்டிருந்தாள்:
புறா உண்டா?
மேல் மாடத்தில் ஒன்று இருந்தது.
பாட்டிலைத் தட்ட ஆள் இல்லாததால்
அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.
படத்தில் விழவில்லை.

வெள்ளத்துரை போனில் அழைக்கிறார்.
வெயில் சக்கரத்தைத் தொட்டுவிட்டது.
இருங்கள், வருகிறேன் என்றேன்.
சொர்ணத்தாய் அந்தப் பக்கம் பிடித்தாள்,
நான் இந்தப் பக்கம்.
வண்டியை உள்ளே தள்ளினோம்.