அழுகைக்காரப் பொடியன்

குலவீரசிங்கம் என்ற பெயர்
சுவரொட்டிக்குள் அடங்கவில்லையாம்.
வெட்டி, ‘மாஸ்டர் குலம்’ என்று ஒட்டினார்கள்
களுவாஞ்சிக்குடிச் சந்தை மதிலிலும்
கல்முனைத் தியேட்டர் வாசலிலும்.
எனக்கு அப்போது ஏழு வயது.
முன்பல் இரண்டும் இல்லை.

அழத் தெரிந்தபடியால்தான் எடுத்தார்கள்.
ஐந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி
ஆளுக்கொரு துண்டு தொதல் தந்து
கடிக்கப்போன நேரம் பறித்தார்கள்.
நாலு பேர் முறைத்தார்கள்.
நான் உடைந்தேன்.
“இவன்தான்” என்றார் டைரக்டர்.
அந்தத் தொதலை யார் தின்றது என்று
இன்றுவரை தெரியாது.

கடற்கரையில் கடைசிக் காட்சி.
மூன்று தரம் எடுத்தும் கண் வறண்டே கிடந்தது.
வெயில்.
வெள்ளித்தாள் ஒட்டிய பலகை பிடித்து
முகத்துக்கு நேரே இன்னொரு வெயில்.
டைரக்டர் குந்தியிருந்து காதுக்குள் சொன்னார்:
“தம்பி, உங்கட அம்மா செத்துட்டா.
இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்.”
கமரா ஓடியது.
கமராவுக்குப் பின்னால், குடைக்குக் கீழே,
பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றியபடி
அம்மா நின்றா.
கண்டேன்.
கண்ட பிறகும் நிறுத்த முடியவில்லை.
அந்த அழுகைக்குத்தான் ஊர் கைதட்டியது.

பத்தொன்பது நாள் ஓடிய படம்.
இருபதாம் நாள் சூறாவளி வந்து
தியேட்டர்க் கூரையைக் கழற்றி
வயலுக்குள் போட்டது.
தென்னைகள் படுத்துக் கிடந்த ஊரில்
என் சுவரொட்டி மட்டும் மதிலில் நின்றது,
வாயைப் பிளந்தபடி.
ஊருக்காக அழுகிறான் பார் என்று
யாரோ சொன்னார்களாம்.
இல்லை. தொதலுக்காக.

படப்பெட்டிகள் கொழும்பில் எரிந்தன என்பார்கள்,
வாடகைப் பாக்கிக்கு எவரோ
பிடித்து வைத்தார் என்பார்கள்.
அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது
எனக்குப் பதினொன்று, குரல் உடைந்திருந்தது.
வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்கள்.
பஸ்சுக்குக் காசு தந்தார்கள்,
அரை ரிக்கற்றுக்கான காசு.

மறுகா என்ன,
மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறேன்.
செட்டிபாளையம் தொட்டுக் களுதாவளை வரை
நாய்களின் பெயரெல்லாம் பாடம்.
ஐம்பது தாண்டிய சிலர்
பில்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.
“நீங்க அந்த அழுகைக்காரப் பொடியன்தானே?”
ஒருவருக்கு நான் தோணி கவிழ்ந்து செத்தவன்.
இன்னொருவருக்கு ரயிலேறித் தொலைந்தவன்.
வெற்றிலைத் தோட்டத்துப் பரிமளகாந்தி அக்கா
சத்தியம் பண்ணுகிறா,
முடிவில் எனக்குக் கல்யாணம் நடந்ததாம்.
ஏழு வயதில்.
படம் எங்கும் இல்லை. நானும் திருத்துவதில்லை.
அலகுகளை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

போன ஆடியில் அம்மா
உண்மையாகவே செத்தா.
பந்தலுக்குக் கீழே தலைமாட்டில் நின்றேன்.
எல்லாக் கண்ணும் என் முகத்தில்.
வரவில்லை.
ஆட்களுக்குப் பின்னால்
குடை ஏதும் தெரிகிறதா என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கதிரை அடுக்கிய ஒருவர்
மற்றவரிடம் மெல்லச் சொன்னார்:
“படத்தில இதவிட நல்லா அழுதவன்.”

நேற்று தேற்றாத்தீவில் ஒரு வீடு.
சின்னப் பொடியன் போனைத் தூக்கிப் பிடித்து
“அங்கிள், அப்பா சொன்னவர்,
ஒருக்கா அழுங்களன்” என்றான்.
“மூணு மாசம் பாக்கி தம்பி,
கரண்ட வெட்டப் போறாங்க.
அப்பாக்கிட்டச் சொல்லு” என்றேன்.
போன் கீழே இறங்கியது.
உதடு ஒரு பக்கம் கோணியது.
இன்னும் ஒரு சொல்,
குந்தியிருந்து, காதுக்குள்,
ஒரேயொரு சொல் போதும் அவனுக்கு.
எனக்குத் தெரியும் அது.

சொல்லவில்லை.
மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.
அடுத்த வீட்டு நாய்
என்னைக் கண்டு வாலாட்டியது.